எது வீண்பேச்சு?

வீண்பேச்சைக் கண்டிப்பதில் உலகத்து அறநூல்கள் பெரும்பாலும் ஒருமித்தே நிற்கின்றன. திருக்குறள் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரத்தையும், அதனையடுத்துப் பயனில சொல்லாமைக்கு மற்றோர் அதிகாரத்தையும் வகுத்திருக்கிறது. மனிதர் பேசும் வீண்சொற்களுக்கு இறுதிநாளிற் கணக்குக் கேட்கப்படுமென மத்தேயுவின் சுவிசேஷம் எச்சரிக்கின்றது. ருஷ்யத் திருச்சபை தவக்காலத்தில் ஓதும் எப்பிரேம் முனிவரின் செபம், அதிகார ஆசைக்கு அடுத்தபடியாக வீண்பேச்சை வைத்து, இரண்டிலிருந்தும் விடுதலை வேண்டுகிறது. புஷ்கின் 1836இல் இச்செபத்தைக் கவிதையாக்கினார்.

கண்டனம் பொதுவானது. ஆனால், எது வீண், யாருக்கு வீண், அதனைத் தீர்மானிக்கும் உரிமையை யார் யாருக்கு அளித்தார் என்னும் வினாக்களை அறநூல்கள் எழுப்புவதில்லை. அவற்றுக்கு விடை தேடுவோர் அகராதிகளைப் புரட்டுதல் நன்று. ஒரு சமுதாயம் தன் அறநூல்களில் மறைத்து வைப்பதைச் சொற்களின் வரலாற்றில் மறைக்க இயலாது. வீண்பேச்சைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களையும், ருஷ்ய மொழியில் அவற்றுக்கு ஈடாக நிற்பவற்றையும் இந்நோக்குடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். ருஷ்ய இலக்கியத்தை ஆங்கிலத்தின் வழியாகவே முதலில் அறிந்தவர்கள் எம்மிற் பலர். ஆதலின் இவ்விரு மொழிகளுக்கிடையே சொற்கள் நடத்தும் பிரயாணம் எமக்குப் புறம்பான விஷயமன்று.

வீண் என்பதற்கே முதலில் வருவோம். ஆங்கிலத்தின் 'ஐடில்' இன்று சோம்பேறியையும் வேலையற்றவனையும் குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'வெறுமையான' என்பதே. ருஷ்ய மொழியின் 'பிராஸ்த்னி' என்னும் சொல்லும் வெறுமை என்னும் பொருளிலிருந்து வேலையின்மை என்னும் பொருளுக்கு வந்தது. எப்பிரேமின் செபத்தில் வரும் 'பிராஸ்த்னொஸ்லோவியே' என்னும் சொல் இதிற் பிறந்தது. ஆனால் இதே வேரிலிருந்து 'பிராஸ்த்னிக்' என்னும் சொல்லும் பிறந்தது. அதன் பொருள் திருநாள். பண்ணையடிமையாக உழன்ற ருஷ்யக் குடியானவனுக்கு வேலையற்ற நாள் என்பது பாவமன்று, பண்டிகை. ஒரே வேரிலிருந்து குருமார் ஒரு பாவத்தையும் குடியானவர் ஒரு மகிழ்ச்சியையும் எடுத்துக்கொண்டனர்.

ஆங்கிலச் சொற்கள் எண்ணிக்கையில் மிகப் பல. அவற்றின் பிறப்பிடத்தை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 'சாட்டர்' என்பது பறவைகளின் கீச்சொலி. 'காக்கிள்' கோழியின் கொக்கரிப்பு. 'பிராட்டில்' என்றவுடன் குழந்தையே நினைவுக்கு வரும். 'பாபிள்' குழந்தைக்கும் பொருந்தும், கற்களுக்கிடையே சலசலக்கும் ஓடைக்கும் பொருந்தும். இவ்வாறு ஒருவருடைய பேச்சை வீணென்று கூற விரும்பிய ஆங்கிலேயன், பேசியவரை மனிதப் பிராயத்திலிருந்தே இறக்கி, பறவையாகவும் மழலையாகவும் ஆக்கிவிடுகிறான். (பறவைகள் தம் குரலாற் காரியமொன்றை ஆற்றுகின்றன என்பதை உயிரியலாளர் அறிவர். சொற்களை ஆக்கியோர் அறிந்திலர்.)

இன்னொரு சொல் கடல் கடந்து வந்தது. 'பலாவர்' என்னும் ஆங்கிலச் சொல், 'சொல்' எனப் பொருள்படும் போர்த்துக்கேய மொழியின் 'பலாவ்ரா' என்பதன் திரிபு. மேற்கு ஆபிரிக்கக் கரையில் போர்த்துக்கேய வணிகர் அந்நாட்டு மக்களுடன் நடத்திய பேச்சுவார்த்தைக்கு அதுவே பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மாலுமிகள் இச்சொல்லைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். கரையேறிய சொல், முடிவில்லாத வெற்றுப்பேச்சு என்னும் பொருளையும் ஏற்றது. கறுப்பு மனிதர் கூடியிருந்து ஆலோசித்துப் பேசியது, அடிமைகளையும் யானைத்தந்தத்தையும் விரைந்து கப்பலேற்ற அவசரப்பட்ட வெள்ளை வணிகனுக்கு வீண்பேச்சாகத் தோன்றியதில் வியப்பில்லை. பேரம் முடிய வேண்டிய அவசரம் ஒரு சாராருக்கே இருந்தது.

இத்தனை சொற்களையும் ருஷ்ய மொழியாக்க முனையும் மொழிபெயர்ப்பாளர், அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு 'பொல்தொவ்னியா' என்னும் ஒரே சொல்லிடம் வந்து சேருகின்றார். கோழியும் குழந்தையும் ஆபிரிக்கக் கரையும் மறைந்துபோகின்றன. இது நஷ்டமே. எனினும் 'பொல்தொவ்னியா' வெறுஞ் சொல்லன்று. 'பொல்தாத்' என்றால் திரவத்தைக் கலக்குதல், குலுக்குதல். கலக்கிக்கொண்டே இருப்பவன் 'பொல்தூன்', அதாவது வாயாடி. குஞ்சு பொரிக்காத முட்டைக்கும் ருஷ்யர் 'பொல்தூன்' என்றே பெயரிட்டனர். எமது கூழ்முட்டைதான் அது.

ஆங்கிலச் சொற்களில் எமது கவனத்தை மிகவும் ஈர்ப்பது 'கொசிப்' என்பதாகும். இன்று அது ஊர்வம்பு. பழைய ஆங்கிலத்தில் அது 'கொட்சிப்' என்றிருந்தது. கடவுளின் முன்னிலையில் ஏற்படும் உறவு என்பது பொருள். குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கும்போது ஞானத்தாயாகவும் ஞானத்தந்தையாகவும் நிற்பவர்களை அச்சொல் குறித்தது. காலகதியில், பிள்ளைப்பேற்றின்போது தாயைச் சூழ்ந்திருந்த அயற்பெண்கள் அப்பெயரைப் பெற்றனர். மருத்துவிச்சிக்கு உதவியும், நெருப்பு மூட்டியும், வலியில் துடிப்பவளுக்குக் கதை சொல்லியும் விடியும்வரை விழித்திருந்தவர்கள் இவர்கள். ஆண்கள் அவ்வறையினுள் நுழைவதில்லை. உள்ளே என்ன பேசப்பட்டது என்பது ஆண்களுக்குத் தெரியாது. தெரியாததனாலேயே அது அவர்களை உறுத்தியது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் தமது அகராதியை வெளியிட்டபோது, ஞானப்பெற்றோர் என்னும் பழைய பொருளோடு, பிள்ளைப்பேற்று வீட்டுப் பெண்களைப் போல அலட்டித் திரிபவர் என்னும் பொருளும் அதில் இடம்பெற்றுவிட்டது.

சொல்லின் வீழ்ச்சி அகராதியோடு நிற்கவில்லை. பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்திலும் வாயாடிகள் எனப்பட்ட பெண்களின் தலையில் இரும்புக் கடிவாளம் பூட்டி வீதிகளில் இழுத்துச் சென்றனர். கடிவாளத்தின் தகடு வாயினுள் சென்று நாவை அழுத்தும். தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வோல்ற்றன் தேவாலயத்துக்கு அளிக்கப்பட்ட அத்தகைய கடிவாளமொன்று 1633ஆம் ஆண்டைத் தாங்கியது. பெண்களின் வீண்பேச்சை அடக்கவே அது வழங்கப்பட்டதென அதன்மீது பொறிக்கப்பட்டும் இருந்தது. அறநூல் கண்டித்த பாவத்துக்கு இரும்பினாற் செய்த உரை இதுதான்.

ருஷ்ய மொழியிற் 'கொசிப்' என்பதற்கு ஈடான சொல் 'ஸ்ப்ளெத்னியா' என்று அகராதிகள் தருகின்றன. அது பேச்சுக்குப் பொருந்தும். பேசும் பெண்ணுக்குப் பொருந்தாது. பேசுபவளுக்கு ருஷ்யரிடம் வேறு சொல் உண்டு. 'கூமா' என்றால் ஞானத்தாய். அதன் செல்ல வடிவமான 'கூமுஷ்கா' ஊர்வம்பு பேசும் பெண்ணையும் குறிக்கும். சேக்ஸ்பியரின் 'வின்சர் நகரத்துக் களிப்புறு மனைவியர்' நாடகம் ருஷ்ய மொழியிற் பெற்ற பெயர்களுள் 'வின்சர் கூமுஷ்காக்கள்' என்பதும் ஒன்று. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதாத இரு மொழிகள். எனினும் குழந்தையைக் கையிலேந்தி நின்ற பெண்ணை இரண்டும் ஒரே படிக்கட்டில் இறக்கி ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கின்றன. இதைத் தற்செயல் என்று தள்ள எம்மால் முடியவில்லை. பெண்கள் தமக்குள் கூடிப் பேசும் இடத்தை ஐயுறும் சமுதாய அமைப்பு இரு நாடுகளிலும் இருந்தது. சொற்கள் அதனைப் பதிவு செய்தன.

ஆனால் ருஷ்ய மொழி ஆங்கிலத்திலிருந்து விலகும் இடமொன்று உண்டு. எமது கட்டுரையின் மையம் அதுவே. 'ஸ்ப்ளெத்னியா' என்பது 'பிளெஸ்தி' என்னும் வினையிலிருந்து வருவது. பின்னுதல், முடைதல் என்று பொருள். ருஷ்யக் குடியானவன் மரப்பட்டையாற் செருப்பு முடைந்ததும் இவ்வினையாலேயே. 'திரெப்பாத்' என்பது ஆளிச்செடியின் நாரை அடித்துச் சிலுப்புதல். நாவினால் அதைச் செய்வது வாயடித்தல். 'புஸ்தொமேலியா' என்றால் வெறுமையை அரைக்கும் திரிகை, அதாவது ஓயாது பேசுபவர். பயனற்றுப் பேசுவதை உரலில் நீரை இடித்தல் என்பர். 'லியாஸி' கடைதல் என்றும் ஒரு வழக்குண்டு. படிக்கட்டுக் கைப்பிடியைத் தாங்கும் அலங்காரக் கால்களைக் கடைசற்பட்டறையிற் கடைந்தெடுக்கும் வேலையிலிருந்து அது வந்ததென விளக்குவர்.

கலக்குதல், முடைதல், சிலுப்புதல், அரைத்தல், இடித்தல், கடைதல்: இவை யாவும் கைத்தொழில்கள். ஆங்கிலத்திலும் மாலுமிகளின் கயிறு திரித்தல் போன்ற ஓரிரு வழக்குகள் இல்லாமலில்லை. ஆயினும் வீண்பேச்சுக்குரிய சொற்கள் தொழிற்கூடத்திலும் முற்றத்திலும் இத்துணை செறிவாகப் பிறந்ததை ருஷ்ய மொழியிலேயே காண்கிறோம். காரணம் யாது? வேலை நடந்த இடத்திலேயே பேச்சும் நடந்தது. நீண்ட மாரிக்கால இரவுகளிற் கிராமத்துப் பெண்கள் ஒரு வீட்டிற் கூடி நூல் நூற்றனர். அக்கூட்டத்துக்குப் 'பொஸிதேல்கி' என்று பெயர்; கூடியிருத்தல் என்பது அதன் கருத்து. கையில் கதிர், வாயில் கதை. அவ்விடத்திலேதான் மணமுறை பேசப்பட்டது. சீமாட்டியின் கொடுமை பேசப்பட்டது. பட்டாளத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டவனின் செய்தி பேசப்பட்டது. நூலும் நின்றபாடில்லை, பேச்சும் நின்றபாடில்லை.

இங்கு ஓர் எள்ளல் பொதிந்திருக்கிறது. வேலை செய்பவரின் பேச்சுக்கு 'வேலையற்ற பேச்சு' என்று பெயரிட்டவர், வேலை செய்யாதவர். நூற்பவள் பேசினால் அது பொல்தொவ்னியா. அவள் நூற்ற நூலை உடுத்தவர் மாளிகை மண்டபத்தில் வானிலையைப் பற்றிப் பேசினால்? அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்மோல் டோக்' என்று அடக்கமான பெயர் இருக்கிறது. ருஷ்ய மொழிபெயர்ப்பாளர் அடக்கத்தைக் களைந்து வர்க்கத்தை வெளிக்கொணர்கிறார்: 'ஸ்வேத்ஸ்கயா பெஸேதா', மேன்மக்கள் சபையின் உரையாடல். மூலத்தில் மறைந்திருப்பதை மொழிபெயர்ப்பு அம்பலப்படுத்தும் அரிய தருணங்களில் இதுவுமொன்று.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி பசிபிக் சமுத்திரத்தின் துரோப்ரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து கண்டதை ஆதாரமாகக்கொண்டு, செய்தி எதுவும் சொல்லாத பேச்சும் மனிதரை மனிதரோடு பிணைக்கும் கருமத்தைச் செய்கின்றது என்று 1923இல் எழுதினார். ருஷ்யாவிற் பிறந்த மொழியியலறிஞர் ரோமன் யாக்கொப்சன் 1960இல் அக்கருத்தைத் தமது கோட்பாட்டிற் சேர்த்தார். நூல் நூற்ற பெண்கள் இதைக் கேட்டிருந்தால், இதற்கு ஆராய்ச்சியும் வேண்டுமா என்று வினவியிருப்பர்.

எனினும், மக்களின் பேச்சு யாவும் தூயது என்று நாம் வாதிடவில்லை. அவ்வாறு வாதிடுவது மக்களைப் புகழ்வதாகாது; அவர்களைக் குழந்தைகளாக்கும் வேறொரு வகை. முடையப்படும் பேச்சு ஆளைக் கொல்லவும் வல்லது. கிரிபொயேதொவ் 1824 அளவில் எழுதி முடித்த 'அறிவினால் வந்த அவலம்' என்னும் நாடகத்தில், மொஸ்கோப் பிரபுக்களின் போலித்தனத்தை முகத்துக்கு நேரே சாடும் சாத்ஸ்கியை அவர்கள் வாதத்தில் வெல்லவில்லை. சோபியா மனக்கசப்பில் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற ஒரு வார்த்தையை விடுகிறாள். ஓரிரவு விருந்து முடிவதற்குள் அது ஊர் அறிந்த உண்மையாகிவிடுகிறது. யார் சொன்னது என்று எவரும் கேட்கவில்லை. இது நூற்கும் பெண்களின் பேச்சன்று, சபைக்குரிய உரையாடலே. வீண்பேச்சுக்கு எதிரான செபத்தைப் பாடிய புஷ்கின், அதே 1836இல் பெயரில்லாக் கடிதமொன்றினாலும் அரசவையின் கிசுகிசுப்பினாலும் சூழப்பட்டு, 1837இன் தொடக்கத்தில் துவந்த யுத்தத்திற் சுடப்பட்டு மாண்டார்.

கிரிபொயேதொவின் நாடகத்தில் ரெப்பெத்திலொவ் என்றொருவனும் வருகிறான். இரகசியச் சங்கம், இலட்சியங்கள், மகத்தான மனிதர்கள் என்று மூச்சுவிடாமற் பேசுவான். எங்கே கூடுகிறீர்கள் என்றால், மொஸ்கோவின் ஆங்கிலக் கழகத்தில்! முற்போக்காளர் எனத் தம்மை எண்ணிக்கொள்வோர் இவனை அடிக்கடி சந்திப்பது நல்லது. கூட்டத்திற்குப் புறப்படுமுன் சந்தித்தால் மேலும் நல்லது.

ரெப்பெத்திலொவைப் போன்றவனா ருடின்? துர்க்கனேவின் 'ருடின்' 1856இல் வெளிவந்தது. கதாநாயகன் பேச்சாற்றல் மிக்கவன். சுதந்திரத்தைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் பேசி இளம் நத்தாலியாவின் உள்ளத்தைக் கவர்ந்தவன். செயல் வேண்டியபோது, பணிந்துபோக வேண்டும் என்று அவளிடம் கூறிப் பின்வாங்கினான். விமர்சகர் தொப்ரொலியூபொவ் 1859இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒப்லோமொவின் குடும்பத்தில் ருடினையும் சேர்த்தார். அத்தீர்ப்பு முழுவதும் சரியென்று நாம் கருதவில்லை. நாவலில் பாஸிஸ்தொவ் என்னும் ஏழை ஆசிரியன் வருகிறான். ருடினின் சொற்கள் அவனுள் மூட்டிய நெருப்பு அணையவில்லை. ஒருகாலத்தில் ருடினை வெறும் பேச்சாளன் என்று தூற்றிய லேஷ்னெவ்கூட, ஆண்டுகள் கழிந்தபின், நல்ல சொல்லும் ஒரு செயலே என்று அவனிடம் ஒப்புக்கொள்கிறான். 1860ஆம் ஆண்டுப் பதிப்பில் துர்க்கனேவ் ஒரு சிறு காட்சியைச் சேர்த்தார்: 1848 ஜூனில் பாரிஸ் தொழிலாளரின் கிளர்ச்சி தோற்றுக்கொண்டிருக்கும்போது, வீதித் தடையின்மீது செங்கொடியுடன் ஏறும் ருடின் சுடப்பட்டு வீழ்கிறான். அவனைப் போலந்துக்காரன் என்று எண்ணுகிறார்கள். அவ்வளவு பேசியவனின் பெயர்கூட அங்கு எவருக்கும் தெரியவில்லை. அவன் பேசியவை வீண்பேச்சா? விடையை ருடினிடம் கேட்பதைவிடப் பாஸிஸ்தொவிடம் கேட்பதே முறை. பேச்சின் பயனைப் பேசியவன் நிர்ணயிப்பதில்லை.

அரசுகளோ இவ்வினாவுக்கு எப்போதும் தம்மிடமே விடை வைத்திருக்கின்றன. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் இங்கிலாந்தின் கோப்பிக் கடைகளை மூடும்படி பிரகடனம் செய்தான். மக்கள் அங்கே காலத்தை வீணாக்குகின்றனர் என்பது ஒரு காரணம். அரசைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்புகின்றனர் என்பது மற்றது. உண்மையான காரணம் எதுவென்பதை விளக்கத் தேவையில்லை. எதிர்ப்பு எழவே, பிரகடனம் நடைமுறைக்கு வருமுன் பின்வாங்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1940 ஜூலையில், பிரித்தானிய அரசாங்கம் தோல்வி மனப்பான்மையுடன் பேசுவோரைத் தடுக்கப் பிரசாரம் நடத்தியது. மதுக்கடையில் முணுமுணுத்தவர்கள்கூட நீதிமன்றம் சென்றனர். மக்கள் சினங்கொள்ளவே, சேர்ச்சில் அதே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1941இல் சோவியத் நாட்டில் வத்தோலினா என்னும் பெண் ஓவியர், தெனிசொவுடன் சேர்ந்து ஒரு சுவரொட்டியை ஆக்கினார். சிவப்புத் துணியால் தலையை மூடிய பெண்ணொருத்தி உதட்டின்மேல் விரல் வைத்து நிற்கிறாள். கீழே 'பொல்தாத்' என்னும் வினையின் எதிர்மறை ஏவல், 'அலட்டாதே'. நாஸிப் படைகள் மொஸ்கோவை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவ்வேளையில் அக்கட்டளையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை.

ஆனால் யுத்தத்துக்கு முன்னரே வேறொரு வரலாறு தொடங்கிவிட்டது. லெனின் 1917இல் எழுதிய 'அரசும் புரட்சியும்' நூலில் முதலாளித்துவப் பாராளுமன்றங்களைக் 'கொவரீல்னியா', அதாவது பேச்சுக்கூடம் என்று சாடினார். ஆங்கிலத்தில் வலதுசாரியான தோமஸ் கார்லைல் தம் நாட்டுப் பாராளுமன்றத்தைத் 'தேசிய பலாவர்' என்று எள்ளியதை இங்கு நினைவுகூரலாம். இருவர் நோக்கமும் ஒன்றல்ல. கார்லைல் மக்களை ஆள ஒரு வீரனைத் தேடினார். லெனினோ, பாரிஸ் கம்யூனைப் போன்று, தீர்மானிப்பவரே உழைத்தும் நிறைவேற்றும் சபையை வேண்டினார். அது உன்னதமான இலட்சியம். எனினும், பேச்சுக்கூடம் என்னும் ஏளனச்சொல் ஒருமுறை உரிமை பெற்றபின் அதை எங்கே நிறுத்துவது? 1918 ஜனவரியில், தேர்தலாற் கூட்டப்பட்ட அரசியல் நிர்ணய சபை ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது. பேச்சுக்கூடம் மூடப்பட்டதனாற் பேச்சு குறைந்ததா? 1922 மார்ச்சில் மாயாகொவ்ஸ்கி ஒரு கவிதை வெளியிட்டார். ஒரே நேரத்தில் இரு கூட்டங்களுக்குச் செல்லவேண்டியிருப்பதால் அதிகாரிகள் பாதி உடலோடு அமர்ந்திருக்கின்றனராம்! லெனின் அடுத்த நாளே உலோகத் தொழிலாளர் மத்தியில் அக்கவிதையின் அரசியலைப் பாராட்டிப் பேசினார். புதிய வீண்பேச்சு மேசையும் கோப்பும் தீர்மானமும் கொண்டிருந்தது. அதற்குப் பொல்தொவ்னியா என்று பெயரிட எந்த அதிகாரியும் துணியவில்லை.

பெயர் வேறிடத்தில் விழுந்தது. குற்றவியற் சட்டத்தின் 58ஆம் பிரிவின் பத்தாம் உட்பிரிவு 1927 முதல் சோவியத் விரோதப் பிரசாரத்தைத் தண்டித்தது. அடுத்த தசாப்தத்தில் வரிசையில் நின்று முணுமுணுத்தவர்களும், நகைச்சுவைத் துணுக்கொன்றைச் சொன்ன தொழிலாளரும் அதன்கீழ்ச் சிறை சென்றனர். மேடையிற் சொன்னதையே சொன்னவர்கள் பயனுள்ள பேச்சாளர் ஆயினர். அடுக்களையில் உண்மை சொன்னவர்கள் வாயாடிகள் ஆயினர். சோஷலிசத்தின் பெயரால் இது நிகழ்ந்தமை எம்மைப் போன்றவர்களுக்குக் கசப்பான செய்தி. கசப்பென்பதற்காக அதனைக் கூறாது விட்டால், நாமும் மேடைக்குரிய மொழியையே பேசியவர்களாவோம்.

அன்னா அக்மாத்தொவா என்னும் கவி, சிறைவாசலில் வரிசையில் நின்ற தாய்மாரைப் பற்றி 'ரெக்வியம்' என்னும் காவியத்தை 1935க்கும் 1940க்கும் இடையில் இயற்றினார். அவருடைய மகனும் சிறையில் இருந்தான். கவிதையை எழுதிவைப்பது ஆபத்து. சுவர்களுக்குக் காது உண்டு என்பது அங்கே உவமையன்று. அவருடைய தோழி லிதியா சுக்கொவ்ஸ்கயா, அக்கவிதை தம்மை வந்தடைந்த விதத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அக்மாத்தொவா பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்துவார்; கண்களால் கூரையையும் சுவரையும் காட்டுவார்; காகிதத்தையும் பென்சிலையும் எடுப்பார். பின்னர் உரத்த குரலில், தேநீர் அருந்துகிறீர்களா என்றோ, வெயிலில் நன்கு கறுத்துவிட்டீர்கள் என்றோ சபைக்குரிய பேச்சு எதையாவது பேசுவார். சுக்கொவ்ஸ்கயா அதற்கு வழங்கிய சொல்லும் 'ஸ்வேத்ஸ்கயா' என்பதன் இனமே. அவ்வாறு பேசியபடியே கை விரைந்து எழுதும். சுக்கொவ்ஸ்கயா வரிகளைப் படித்து மனனம் செய்து, மௌனமாகக் காகிதத்தைத் திருப்பித் தருவார். இவ்வாண்டு இலையுதிர்காலம் முன்னதாகவே வந்துவிட்டது என்று அக்மாத்தொவா உரக்கச் சொல்லிக்கொண்டே தீக்குச்சியை உரசுவார். சாம்பற் கிண்ணத்தின் மேல் காகிதம் எரியும். ஒற்றுக் கேட்டவர் எவரேனும் இருந்திருந்தால், அவருடைய குறிப்பேட்டில் வானிலையும் தேநீருமே பதிந்திருக்கும். காவியம் சோவியத் சஞ்சிகைகளில் 1987இல் அச்சேறியது.